பன்றிக் கொட்டகைக் கூரையில் என் தங்கையின் முகம்

மணிலாவுக்குத் தெற்கே, கடல் தாண்டி இருக்கும் எங்கள் மியாகாவ் ஊரில் பேனர் கட்டாமல் யாரும் எதிலும் தேற முடியாது. மகனுக்குக் கப்பலில் வேலை கிடைத்தால் பேனர். மகள் நர்ஸ் பரீட்சையில் பாஸ் செய்தால் வீட்டு வாசலில் ஒன்று, சந்தை முனையில் ஒன்று. போன வருஷம் பாலர் பள்ளியில் ஒரு பிள்ளை 'மிகச் சுத்தமான கைகள்' என்று பதக்கம் வாங்கியதற்கு ஆறடிக்கு நாலடி அடித்துக் கொடுத்தேன். பிள்ளையின் மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது, அதைக் கம்ப்யூட்டரில் துடைத்துவிட்டேன். என் பெயர் மரிலோ நுஃபாப்லே. பேனர் அடிப்பது தொழில், ஊரைக் கேலி செய்வது பழக்கம், கோபம் மூக்கு நுனியில் இருக்கும். இந்தக் கதையில் நான் நல்லவளாக வரப் போவதில்லை என்பதால் இதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன்.

கதை என் தங்கை ரோவெனாவுடையது. எனக்கும் அவளுக்கும் பத்து வயது வித்தியாசம். அப்பா ஈரலில் புற்று வந்து இறந்தபோது அவள் ஏழாம் வகுப்பு. நான் ஹாங்காங்குக்கு வீட்டு வேலைக்குப் போனேன். அங்கே ஒன்பது வருஷம் யாரோ பெற்ற பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டினேன். அம்மா கொன்சிங் பன்றி வளர்த்தாள். ரோவெனா வகுப்பில் எப்போதும் முதலிடம். அவளை இலோயிலோ நகரத்துப் பல்கலைக்கழகத்தில் நர்ஸிங்கில் சேர்த்தோம். எங்கள் ஊரில் கெட்டிக்காரப் பெண் வேறு எதில் சேர்வாள்? நர்ஸ் ஆனால் லண்டன், அமெரிக்கா என்று போகலாம். நான் கழுவிய கக்கூஸ்களை என் தங்கை கழுவ வேண்டியதில்லை. ஒன்பது வருஷமும் அந்த ஒரே எண்ணத்தில்தான் ஓடினேன்.

ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் போன் செய்வேன். "சாப்பிட்டியா? படிப்பு நல்லாப் போகுதா?" என்பேன். "நல்லாப் போகுது அக்கா" என்பாள். என்ன படிக்கிறாய் என்று ஒரு தடவையாவது கேட்டேனா என்றால், இல்லை. தெரிந்த விஷயத்தை யாராவது கேட்பார்களா?

அவள் பட்டம் வாங்குவதற்கு ஒரு மாதம் முன்னால்தான் நான் ஊர் திரும்பி இந்தக் கடையைத் திறந்தேன். கடையின் முதல் பேனரே அவளுக்குத்தான். எட்டடிக்கு நாலடி. அவளுடைய பழைய போட்டோ ஒன்றை எடுத்து, தலையில் நர்ஸ் தொப்பியைக் கம்ப்யூட்டரில் வைத்தேன். 'எங்கள் நர்ஸ் ரோவெனா நுஃபாப்லே, வாழ்த்துகள்' என்று சிவப்பில் போட்டேன். அம்மாவைக் கூட்டிவந்து காட்டினேன். எதிரே நின்று மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். "எழுத்தெல்லாம் பெருசா, அழகா இருக்கு" என்றாள். அதை வாசலில் கட்டிவிட்டு, பக்கத்து வீட்டு பெலிங்கிடம் பன்றி வாட்டும் பொறுப்பைக் கொடுத்துவிட்டு, நானும் அம்மாவும் ஜீப்னி வண்டி ஏறி நகரத்துக்குப் போனோம்.

மண்டபம் நிறையக் கூட்டம். பெயர்கள் அச்சடித்த புத்தகம் ஒன்றை எல்லோர் கையிலும் கொடுத்தார்கள். பட்டம் வாங்கும் பிள்ளை சிறப்புத் தகுதி பெற்றிருந்தால் பெற்றவர் மேடைக்குப் போய்ப் பதக்கத்தைக் கழுத்தில் மாட்ட வேண்டும். அம்மா அதற்காகவே புதுச் செருப்பு வாங்கியிருந்தாள், குதிகாலைக் கடிக்கிறது என்று வழியெல்லாம் முனகினாள். நர்ஸிங் மாணவர்களைக் கூப்பிட ஆரம்பித்ததும் என் முழங்கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். குடும்பப் பெயரின் எழுத்து வரிசையில் கூப்பிட்டார்கள். எல், எம், என். நாவா என்றொரு பையன். நெபோமுசேனோ என்றொரு பெண். அடுத்து ஓ எழுத்துக்குப் போய்விட்டார்கள்.

"விட்டுட்டாங்கடி. போய்ச் சொல்லு" என்றாள் அம்மா. பாடத்தில் தவறிவிட்டாளா? நாலு வருஷக் காசும் போச்சா? எழுந்து போய், வாசலில் பட்டை அணிந்து நின்ற பெண்ணிடம் சண்டைக்குத் தயாரானேன். அவள் நிதானமாகப் பட்டியலைப் பார்த்து, "உங்க தங்கச்சி பேரு இருக்கே. கலைப் பிரிவுல. தத்துவம்" என்றாள்.

"என்னது?"

"தத்துவம் மேடம். மொத்தமே நாலு பேருதான். சிறப்புத் தகுதி வேற. அம்மாவை மேடைக்குக் கூட்டிட்டு வாங்க, அடுத்து அவங்கதான்."

திரும்பிப் போனபோது அம்மா மடியில் புத்தகத்தை விரித்து, விரலால் ஒவ்வொரு பெயராகத் தடவிக்கொண்டிருந்தாள். அது மீன்வளத் துறைப் பட்டியல். பதற்றத்தில் பக்கம் மாறிவிட்டது என்று நினைத்தேன். ஒன்றும் சொல்லாமல் மேடைக்குக் கூட்டிப் போனேன். அம்மா பதக்கத்தை மாட்டினாள். ரோவெனா பல் தெரியச் சிரித்தாள். இரண்டாயிரம் பேர் கைதட்டினார்கள். நான் தட்டவில்லை.

வெளியே வராந்தாவில் அவளை மடக்கினேன்.

"என்னடி இது? நர்ஸிங் என்னாச்சு?"

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. நிஜமாகவே போட்டது, நடிப்பில்லை. என்னை ஒரு முறை பார்த்தாள், அம்மாவை ஒரு முறை பார்த்தாள். "அக்கா, உனக்குத் தெரியாதா? அம்மா, நீங்கதானே கையெழுத்து..." என்று ஆரம்பித்தவள் பாதியில் நின்றாள். அம்மா இன்னும் புத்தகத்தை மீன்வளப் பக்கத்திலேயே விரல் வைத்துப் பிடித்திருந்தாள். ரோவெனாவின் கண் அந்த விரலிலேயே நின்றது.

"என்ன கையெழுத்து?" என்றேன்.

"ஒண்ணுமில்லக்கா. நான்தான். யார்கிட்டயும் சொல்லாம மாறிட்டேன். என் தப்புதான்."

நான் அறைந்தேன். பட்டமளிப்பு அங்கியில், கழுத்தில் பதக்கத்தோடு நின்றவளை, அத்தனை பேர் முன்னால் அறைந்தேன். இன்னொன்று வைத்திருப்பேன், அம்மாதான் என் கையைப் பிடித்து இழுத்தாள். "விடுடி. போதும். வீட்டுக்குப் போலாம்" என்றாள். அவள் கை சில்லிட்டிருந்தது. பெற்றவளுக்கு இருக்கும் பெருந்தன்மை எனக்கு இல்லை என்று அன்றைக்கு வெட்கப்பட்டேன்.

வீட்டில் முழுப் பன்றி வாட்டி, மோலோ சூப் வைத்து, தெருவே காத்திருந்தது. வாசல் பேனரில் தொப்பியோடு ரோவெனா சிரித்துக்கொண்டிருந்தாள். விஷயம் தெரிந்ததும் பெலிங் வாயைப் பிளந்தாள். எங்கள் பக்கம் எதிர்த்து வாயாடுகிறவர்களை பிலோசோபோ, அதாவது தத்துவவாதி, என்று திட்டுவது வழக்கம். பெலிங் அதை விடுவாளா? "பிலோசோபோ ஆகறதுக்கு நாலு வருஷமா? என் புருஷன் அதை ஓசியிலயே கத்துக்கிட்டாரே!" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். ரோவெனாவும் சிரித்தாள். பிறகு எழுந்து போய் எல்லோருக்கும் சூப் ஊற்றினாள்.

பேனரைக் கிழிக்கக் கத்தி எடுத்தேன். அம்மா தடுத்தாள். "நல்ல கனமான பொருளு, கிழிக்காத. பன்னிக் கொட்டகை ஒழுகுது" என்றாள். மறுநாளே கூரையில் ஆணி அடித்துவிட்டாள். சமையலறை ஜன்னலைத் திறந்தால் நேரே அந்த முகம் தெரியும்படி அடித்திருந்தாள். பன்றிகளைக் கழுவும்போது அந்த முகத்துக்கும் ஒரு வாளி தண்ணீரை வீசுவாள். அம்மாடியோ, என்ன கோபம் என்று நான் நினைத்தேன்.

அதற்குப் பிறகு ஏழு வருஷம். வீட்டுச் சின்னப் பெண்ணை நாங்கள் இன்டாய் என்று கூப்பிடுவோம். ரோவெனா பிறந்த நாளிலிருந்து அம்மாவுக்கு இன்டாய்தான். பட்டமளிப்பு நாளோடு அது நின்றது. பதினைந்து நாளுக்கு ஒருமுறை அவள் ஊருக்கு வருவாள். எதிரே உட்கார்ந்திருப்பவளைப் பார்க்காமல் அம்மா என்னிடம், "அந்தப் பொண்ணு சாப்பிட்டாளான்னு கேளு" என்பாள். "சாப்பிட்டேன்னு சொல்லுக்கா" என்பாள் அவள். நடுவில் நான் தபால்காரி. ஒரு வார்த்தை, ஒரே ஒரு இன்டாய், அதற்காக அவள் ஏழு வருஷமும் ஜீப்னி ஏறி வந்தாள். எங்களுக்குத் துணி, பன்றிக்குத் தவிடு என்று எதையாவது தூக்கிக்கொண்டு வருவாள். போகும்போது வாசலில் ஒரு நிமிஷம் நிற்பாள். அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பாள்.

வேலைக்கு அவள் பட்ட பாட்டை நான் பக்கத்திலிருந்து ரசித்தேன் என்றே சொல்ல வேண்டும். முதலில் ஒரு கால் சென்டர். அமெரிக்காக்காரன் இணைப்பு வேலை செய்யவில்லை என்று கத்துவான், இவள் கேட்பாள். "தத்துவம் படிச்சு திட்டு வாங்கற வேலை. இதை நான் படிக்காமலே ஹாங்காங்ல பார்த்தேன்" என்றேன்.

"திட்டறவனுக்கும் ஒரு காரணம் இருக்கும் அக்கா. அவன் சொல்ற காரணம் ஒண்ணு, நிஜக் காரணம் வேற ஒண்ணு. அதைக் கண்டுபிடிச்சா அஞ்சு நிமிஷத்துல அடங்கிடுவான். என் குழுவுல நான்தான் முதல்."

"பெரிய கண்டுபிடிப்பு. பேனர் அடிக்கட்டுமா?"

அவளோடு தத்துவம் முடித்த மற்ற மூன்று பேரில் ஒருவன் வக்கீலுக்குப் படிக்கப் போனான், ஒருவன் பாதிரியார் ஆனான், ஒருத்தி மணிலாவில் ஏதோ கம்பெனியில் ஆள் எடுக்கும் பிரிவில் உட்கார்ந்திருக்கிறாள். அந்த வக்கீலுக்கு நானே பேனர் அடித்தேன், வயிற்றெரிச்சலோடு. ரோவெனா கொஞ்ச நாள் ஒரு கல்லூரியில் ஒழுக்கவியல் பாடம் எடுத்தாள். பிறகு நகரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் ஏதோ எழுத்து வேலை என்றாள். நேர்காணலில், நோயாளி கையெழுத்துப் போடும் ஆபரேஷன் படிவத்தைக் கொடுத்து இதில் என்ன குறை என்று கேட்டார்களாம். மற்றவர்கள் எல்லாம் வரி வரியாகத் திருத்தினார்களாம். இவள், "இதை யார் படிப்பாங்க?" என்று திருப்பிக் கேட்டாளாம். அதற்கு வேலை கொடுத்துவிட்டார்களாம். ஆஸ்பத்திரியில் இருந்துகொண்டு ஊசி போடத் தெரியாத ஒரே ஆள் என் தங்கை என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பேன்.

இந்த ஏழு வருஷத்தில் நடந்த இன்னொரு கூத்தையும் சொல்ல வேண்டும். பெர்டிங் பெரியவருக்கு எண்பதாவது பிறந்தநாள். அதே நாளில் அவருடைய சீட்டாட்டக் கூட்டாளி இஸ்லாவ் இறந்துபோனார். இரண்டு பேனரையும் அடித்து, சுருட்டி, மேலே பெயர் எழுதி, கொண்டுபோய்க் கொடுக்கச் சொல்லி அம்மாவிடம் கொடுத்தேன். அம்மா மாற்றிக் கொடுத்துவிட்டாள். பெர்டிங் காகிதக் கிரீடத்தோடு விருந்தினர் முன்னால் பேனரை விரித்தார். 'அமைதியில் உறங்குக' என்று படத்தில் இஸ்லாவ் சிரித்தார். கூட்டாளி செத்த செய்தியே அவருக்கு அப்போதுதான் தெரியும். நாற்காலியோடு பின்னால் சாய்ந்துவிட்டார். அங்கே சாவு வீட்டில் பெட்டிக்கு மேலே 'இன்னும் நூறாண்டு வாழ்க' என்று பெர்டிங் கேக் வெட்டிக்கொண்டிருந்தார். ஊர் அதிர்ச்சியில் இரண்டு நாள் வாயடைத்துக் கிடந்தது, மூன்றாம் நாளிலிருந்து இன்றுவரை சிரிக்கிறது. "கண்ணு மங்கிடுச்சு" என்றாள் அம்மா. கண்ணாடி வாங்கிக் கொடுத்தேன். பிறகு இன்னொரு கண்ணாடி.

போன ஜூன் மாதம் அம்மாவுக்கு வயிற்று வலி. பித்தப்பையில் கல், உடனே எடுக்க வேண்டும் என்றார்கள். ரோவெனா வேலை செய்யும் ஆஸ்பத்திரிதான் பக்கம். "அங்க வேணாம்" என்றாள் அம்மா. எவ்வளவு கேட்டும் காரணம் சொல்லவில்லை. வலியில் சுருண்டவளை வண்டியில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனேன். வழி முழுக்கத் தன் கைப்பையை மார்போடு அணைத்திருந்தாள்.

காலையில் ஜோனல் என்றொரு இளைஞன் படிவத்தோடு வந்தான். கழுத்தில் அடையாள அட்டை, கையில் பேனா இல்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு அம்மாவின் முகத்துக்கு நேரே உட்கார்ந்தான்.

"அம்மா, இதை நான் மெதுவாப் படிச்சுக் காட்டறேன். எங்க புரியலையோ அங்க நிறுத்துங்க. முடிஞ்சதும் நீங்க உங்க வார்த்தையில எனக்குத் திரும்பச் சொல்லணும். அப்புறம்தான் பேனா."

எனக்கு எரிச்சல் வந்தது. "தம்பி, எங்கம்மாவுக்கு ரெண்டு கண்ணாடி இருக்கு. குடு, அவங்களே படிச்சுப் போடுவாங்க. வலியில கிடக்கறவங்ககிட்ட என்ன பள்ளிக்கூடம் நடத்தற?"

"டாக்டரே வந்து படுத்தாலும் படிச்சுத்தான் காட்டுவோம் அக்கா. போன மாசம் ஒரு ஜட்ஜுக்குப் படிச்சேன். யாருக்குப் படிக்கத் தெரியும், யாருக்குத் தெரியாதுன்னு நாங்க கேக்கவே கூடாது. கேட்டா அவமானம். எல்லாருக்கும் படிச்சா யாருக்கும் அவமானம் இல்ல. ரோவெனா மேடம் போட்ட சட்டம் இது. டாக்டருங்ககிட்ட ஒரு வருஷம் சண்டை போட்டு வாங்கினாங்க. உங்க தங்கச்சிதானே? சொந்தக்காரங்களுக்கு அவங்கவங்களே படிக்கக் கூடாதுன்னும் ஒரு சட்டம் இருக்கு, அதான் நான் வந்தேன்."

"ஊசி போடத் தெரியாதவளுக்கு இவ்வளவு சட்டமா?" என்றேன்.

ஜோனல் சிரித்தான். "நானும் ஆரம்பத்துல அலுத்துக்கிட்டேன் அக்கா. அப்ப மேடம் சொன்னாங்க. அவங்க படிக்கும்போது, வீட்டுல ஒருத்தர்கிட்ட பேப்பரையும் பேனாவையும் சேர்த்துக் குடுத்தாங்களாம். வாயால சொல்லப் பயந்துகிட்டு எல்லாத்தையும் எழுதிக் குடுத்தாங்களாம். அந்த ஆளு ஒரு மணி நேரம் வச்சிருந்து கையெழுத்துப் போட்டுக் குடுத்தாங்களாம். அவங்களுக்குப் படிக்கத் தெரியாதுன்னு மூணு வருஷம் கழிச்சுத்தான் தெரிஞ்சுதாம், ஒரு பெரிய கூட்டத்துக்கு நடுவுல. 'தப்பு அவங்க மேல இல்ல ஜோனல், பேப்பரை நீட்டினவ மேல'ன்னாங்க. யாரு மேடம்னு கேட்டோம். கடைசி வரைக்கும் சொல்லல."

அம்மாவைப் பார்த்தேன். அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மீன்வளப் பட்டியலில் நகர்ந்த அந்த விரல். எழுத்தெல்லாம் பெருசா அழகா இருக்கு. பெர்டிங், இஸ்லாவ். பூ வரைவது போல் அவள் மெதுவாகப் போடும் அந்தக் கையெழுத்து. சின்ன வயதில் கரும்பு வெட்டக் கடல் தாண்டி நெக்ரோஸ் தீவுக்குப் போனவள் எந்தப் பள்ளியில் படித்தாள் என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. நான் எழுத்தை விற்றுச் சோறு தின்கிறவள். ஒரே கூரையின் கீழ் இருந்தும் எனக்குத் தெரியவில்லை. அம்மாவை ஊர் முன்னால் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று ஒருத்தி ஏழு வருஷம் பொய்க்காரிப் பட்டத்தைச் சுமந்திருக்கிறாள். அவளைத்தான் நான் அறைந்தேன். அந்தக் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டேன்.

"அவளைக் கூப்பிடு" என்றாள் அம்மா.

"யாரைம்மா?"

"என் பொண்ணைக் கூப்பிடுங்கறேன்."

ரோவெனா ஓடி வந்தாள். வலி அதிகமாகிவிட்டது என்று நினைத்திருப்பாள். கதவருகே நின்று வழக்கம்போல் என்னைப் பார்த்து, "அம்மாவுக்கு என்ன வேணும்னு கேளுக்கா" என்றாள். நான் கேட்கவில்லை, ஒதுங்கி வழிவிட்டேன்.

அம்மா கைப்பையைத் திறந்தாள். பிளாஸ்டிக் உறைக்குள் அப்பாவின் மரணச் சான்றிதழ், அவளுடைய ஞானஸ்நானச் சீட்டு, ஆஸ்பத்திரி அட்டை. அவற்றுக்கு நடுவில் நாலாக மடித்த இரண்டு தாள்கள். மடிப்பில் பழுப்பேறியிருந்தன.

"இதைப் படி" என்று நேராக அவளிடம் நீட்டினாள்.

ரோவெனா வாங்கிப் பார்த்துவிட்டுக் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "இது உங்ககிட்டயா இருக்கு? தூக்கிப் போட்டிருப்பீங்கன்னு நினைச்சேன்."

"தூக்கிப் போடற பேப்பரா, வச்சுக்கற பேப்பரான்னு தெரிஞ்சாத்தானே போடறதுக்கு? அன்னிக்குப் படிவத்துல மட்டும் கையெழுத்து வாங்கிட்டுப் போயிட்ட. இது என்கிட்ட தங்கிடுச்சு. பெலிங்கைப் படிக்கச் சொல்லலாம்னு நூறு தடவை எடுத்தேன். பயம். அந்த மண்டபத்துல நீ சொல்லிடுவியோன்னு பயம். நீ சொல்லல. அப்புறம் உன் மூஞ்சைப் பார்த்தாலே பயம். படி."

இத்தனை வருஷமும் நாங்கள் கோபம் என்று நினைத்தது அந்தப் பயம்தான். நேரில் பார்க்க முடியாத முகத்தைத்தான் ஜன்னலுக்கு எதிரே ஆணி அடித்து வைத்துக் கழுவியிருக்கிறாள்.

"சொந்தக்காரங்களுக்குப் படிக்கக் கூடாதுன்னு சட்டம்..." என்று ஜோனலைப் பார்த்தாள் ரோவெனா.

"அது ஆஸ்பத்திரி பேப்பருக்கு மேடம். இது வேற" என்றான் அவன். எழுந்து நாற்காலியை அவளுக்குத் தள்ளினான்.

அவள் படித்தாள்.

"அன்புள்ள அம்மா, வாயால் சொல்லப் பயமாக இருப்பதால் எழுதுகிறேன். எங்கள் வகுப்பில் தத்துவம் என்று ஒரு பாடம் உண்டு. சாகப் போகிற நோயாளியிடம் உண்மையைச் சொல்ல வேண்டுமா என்று ஆசிரியர் கேட்டார். எல்லோரும் பதில் எழுதிவிட்டுச் சாப்பிடப் போனார்கள். என்னால் எழுந்திருக்க முடியவில்லை. அப்பாவிடம் நாம் யாருமே சொல்லவில்லையே, மீன் பிடிக்க எப்போது போகலாம் என்று கடைசி நாள் வரை கேட்டாரே என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நாம் செய்தது சரியா தப்பா என்று எனக்குத் தெரிய வேண்டும். ஊசி போடக் கற்றுக்கொண்டால் அது தெரியாது.

"இதைப் படித்தவர்கள் வக்கீல் ஆகிறார்கள், ஆசிரியர் ஆகிறார்கள், அரசாங்கத்தில், கம்பெனிகளில், ஆஸ்பத்திரிகளில்கூட வேலை பார்க்கிறார்கள் என்று விசாரித்து வைத்திருக்கிறேன். நான் என்ன ஆவேன் என்று எனக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி உங்களிடம் பொய் சொல்ல விருப்பமில்லை. அக்காவிடம் நீங்களே சொல்லிவிடுங்கள், அவள் கோபம் எனக்குப் பயம். வேண்டாம் என்று தோன்றினால் கையெழுத்துப் போடாதீர்கள். நர்ஸிங்கே படிக்கிறேன், முகம் சுளிக்க மாட்டேன். உங்கள் இன்டாய்."

நான் வாய்விட்டு அழுதுகொண்டிருந்தேன்.

அம்மா தாள்களை வாங்கி மறுபடி நாலாக மடித்தாள். "வேணாம்னுதான் சொல்லியிருப்பேன்" என்றாள்.

"தெரியும்மா" என்றாள் ரோவெனா. அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது.

"சரி, பேனாவைக் குடு. கல்லை எடுக்கட்டும்."

"இன்னும் இல்லம்மா. முதல்ல ஜோனல் படிவத்தைப் படிக்கணும். நீங்க திரும்பச் சொல்லணும்."

"அதை அவன்கிட்ட சொல்றேன். இதை உன்கிட்ட சொல்லிடறேன்." அம்மா தலையணையில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். பள்ளிக்கூடத்தில் எழுந்து நிற்கும் பிள்ளையைப் போலக் கைகளைக் கோத்துக்கொண்டாள். "என் பொண்ணு நர்ஸ் ஆகமாட்டா. அவங்கப்பன்கிட்ட நாம சொல்லாம விட்டதை நினைச்சு அவளுக்குச் சோறு இறங்கல. அதுக்குப் பதில் தேடிப் படிக்கப் போறா. என்ன வேலை கிடைக்கும்னு அவளுக்கே தெரியாது, ஆனா பொய் சொல்ல மாட்டேங்கறா. அவளுக்கு அக்கான்னா பயம். எனக்கு இதுல இஷ்டமில்ல. ஆனா எனக்குப் புரிஞ்சுது." நிறுத்தி ரோவெனாவைப் பார்த்தாள். "சரியாச் சொன்னேனா, இன்டாய்?"